கழுவித் துடைத்த வேன்

ரேடார் சரிபார்க்கும் அறையின் சுவரில் ஒட்டியிருக்கும் செயல்முறைத் தாளைத் தினமும் பார்க்கிறீர்கள். ‘வாகனத்தின் முன்பக்கத்தைக் கழுவித் துடைக்கவும்’ என்பது அதன் முதல் வரி. அதற்கும் மேலே, கோணல்மாணலான கையெழுத்தில், ‘கழுவுவதற்கு முன் பார், படம் எடு’ என்று ஒரு சீட்டு இருக்கும். அந்தக் கையெழுத்து என்னுடையது. நான் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்களில் ஒருவர்கூட அந்தச் சீட்டு ஏன் என்று கேட்டதில்லை. சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்கிற பிள்ளைகள் என்று நம் முதலாளி தவுக்கே உங்களைப் புகழ்கிறார். எனக்கு அது புகழ்ச்சியாகத் தெரியவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், உட்காருங்கள்.

இந்த மில்லிமீட்டர் அலைகள்மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஈப்போவுக்கு இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன், கமுந்திங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ரேடார் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தேன். கார் ரேடாரின் அலை, நீளத்தில் ஒரு பச்சைப்பயறு அளவுதான். அதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். விமான நிலையத்தில் சட்டைக்குள் ஒளித்ததைத் தேடுகிறார்கள். தொட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று மேலிருந்து அளக்கிறார்கள். படுத்திருப்பவரைத் தொடாமலே, நெஞ்சு ஏறி இறங்குவதை வைத்து மூச்சை எண்ணுகிறார்கள். பனி, புகை, தூசு, பிளாஸ்டிக் எதுவும் அதற்குப் பெரிய தடையில்லை. தண்ணீரைக் கண்டால் மட்டும் படுத்துவிடும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பாடம் தெரிந்தும் நான் செய்த கூத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஒரு திங்கட்கிழமை, கமுந்திங்கிலிருந்து ஒரு வேனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பழைய தோட்டக் குடியிருப்புகளிலிருந்து கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன். முன்பக்க லோகோவுக்குப் பின்னால் ரேடார் இருக்கும் புது ரகம். முன்னால் ஏதாவது வந்தால் தானே பிரேக் பிடிக்கும். முந்திய வெள்ளிக்கிழமை காலை, தோட்டத்துச் சாலையில் ஒரு வளைவில், எதிரே எதுவுமே இல்லாதபோது அது தானாகப் பிரேக் பிடித்துவிட்டது என்று ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்த லெட்சுமி என்ற தொழிலாளி முன்சீட்டுக் கம்பியில் மோதி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நிர்வாகம் ஓட்டுநரை நம்பவில்லை. அவர் கண்ணயர்ந்து, திடுக்கிட்டு விழித்து, காலால்தான் மிதித்திருக்கிறார் என்றது. காயம்பட்ட லெட்சுமியும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். நடந்ததைப் பதிந்து வைக்கும் வசதி அந்த வேனில் இல்லை. ஆகவே ரேடார் சரியா, இல்லையா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

முன்பக்கத்தை நானே கழுவினேன். அடுத்தவர் கழுவினால் எனக்குத் திருப்தி வராது. துடைத்து, மட்டம் பார்த்து, பிரதிபலிப்பான் தகட்டைத் தரையில் குறித்த புள்ளியில் நிறுத்தி, கருவியை இணைத்தேன். ரேடார் இம்மியும் பிசகவில்லை. மறுபடி பார்த்தேன், மறுபடியும் அதே. படிவத்தில் ஒரு கேள்வி உண்டு, உங்களுக்கும் தெரியும்: ‘சென்சார் பகுதியின்மேல் ஏதேனும் படிந்திருந்ததா?’ இல்லை என்று டிக் போட்டேன். ‘பழுது இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். நன்றாகவே பசித்தது.

அடுத்த வாரம் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து பட்டறை வாசலில் நின்றார். வழியில் தைப்பிங்கில் பிடித்த மழை அவரை முழுக்க நனைத்திருந்தது. ஐம்பது வயதிருக்கும். பெயர் வேலு, அந்த வேனின் ஓட்டுநர். என் அறிக்கையின் நகலை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று நிர்வாகம் கடிதம் கொடுத்துவிட்டதாம், வெள்ளிக்கிழமை விசாரணையாம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். மனிதர் சண்டை போடவில்லை. மெஷினில் தப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது நிச்சயம்தானா என்று மட்டும் கேட்டார். நிச்சயம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“அப்ப சாமி குத்தந்தாங்க்கா,” என்றார். “மூணு தடவ இப்படி ஆச்சு. மூணும் வெள்ளிக்கெழம. மொத ரெண்டு தடவ லேசா புடிச்சுச்சு, யாருக்கும் அடி இல்ல, நானும் சொல்லல.”

கிளம்பத் திரும்பினார். எனக்குச் சாமி குத்தத்தில் அக்கறையில்லை, வெள்ளிக்கிழமையில்தான் அக்கறை. இயந்திரத்துக்குக் கிழமை தெரியாது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, துண்டு கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லா வெள்ளியும் இப்படி ஆகுமா? இல்லையாம். காலையில் மழை பெய்த வெள்ளிகளில் ஒன்றும் ஆகவில்லையாம். எங்கே ஆகும்? ஒரே வளைவில், பழைய தோட்டத்தின் இரும்புக் கதவுத் தூண் சாலையோரம் இன்னும் நிற்கிறதே, அந்த இடத்தில். வெள்ளிக்கிழமை மட்டும் நீங்கள் செய்வது என்ன? ஒன்றும் புதிதாக இல்லையாம். வழியில் முனீஸ்வரர் கோயிலில் நிறுத்தி, கும்பிட்டு, வேனுக்குச் சந்தனம் பூசிவிட்டு, ஆள் ஏற்றப் போவாராம். முதல் தடவை பிரேக் பிடித்ததும், வேண்டுதலில் ஏதோ குறை, சாமி எச்சரிக்கிறார் என்று நினைத்தாராம். அதனால் அடுத்த வெள்ளி இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பூசினாராம். அதற்கடுத்து இன்னும் அதிகம்.

“எங்க பூசுவீங்க?”

“நெத்தியிலதாங்க்கா. லோகோவுல.”

என் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை, வேனின் லோகோவில் காய்ந்து அடையாக ஒட்டியிருந்ததை இந்த நகத்தால்தான் சுரண்டினேன். சந்தன மணம்கூட வந்தது. நல்ல சந்தனம், மட்டமானது இல்லை என்று நினைத்தது வரைக்கும் நினைவு வந்தது. அப்புறம் உள்ளே போய், ஒன்றும் படிந்திருக்கவில்லை என்று டிக் போட்டிருக்கிறேன். மண்ணோ தாரோ இருந்திருந்தால் எழுதியிருப்பேன். நம் பட்டறையில் சீனரோ மலாய்க்காரரோ அதைக் கழுவியிருந்தால், மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று நிச்சயம் எழுதியிருப்பார். எனக்கு மட்டும் அது ஒரு பொருளாகவே படவில்லை. நான் பிறந்ததிலிருந்து எல்லா வண்டியின் நெற்றியிலும் அதைப் பார்த்துப் பழகியவள். பழகிய கண் அதை விட்டுவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கத்தோடு சேர்ந்து ஓர் ஆவலும் கிளம்பிவிட்டது, அதை மறைப்பானேன். ஈரச் சந்தனம் இரண்டு மில்லிமீட்டர் கனம் இருந்தால், பச்சைப்பயறு அளவு அலைக்கு அது சுவர் மாதிரிதான். அதே ரக வேன் ஒன்று வேறு வேலைக்காக நம் பட்டறையில் நின்றது. அதன் உரிமையாளரைப் போனில் கூப்பிட்டு, லோகோவில் சந்தனம் பூசிச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். நல்ல காரியம்தானே, தாராளமாகப் பூசுங்கள் என்றார். பக்கத்துத் தெருவில் பூஜைச் சாமான் கடையில் சந்தனம் வாங்கி, குழைத்து, வேலுவிடம் கொடுத்தேன். வழக்கமாக எப்படியோ அப்படியே பூசுங்கள், எனக்காக எதையும் மாற்றாதீர்கள் என்றேன். அவர் கை கழுவிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்று விரலால் ஒரே இழுப்பாக இழுத்தார். விரல் வைத்த பக்கம் கனமாகவும், எடுத்த பக்கம் மெல்லியதாகவும் விழுந்தது.

கருவியைப் போட்டேன். ‘ரேடார் மறைக்கப்பட்டுள்ளது’ என்று வந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. தானியங்கி பிரேக் தன்னை அணைத்துக்கொண்டது. அவ்வளவுதான். கண் தெரியவில்லை என்றால் ஒதுங்கி உட்கார்ந்துவிடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள், இல்லாததைக் கண்டு பிரேக் பிடிக்கும்படி இல்லை. பின்னால் நின்றிருந்த தவுக்கே, கோயில் விஷயம் முடிந்ததா, வேலையைப் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டார். என் முகம் சுருங்கிவிட்டது. வேலு துடைக்கத் துணியை எடுத்தார்.

அவசரப்பட்டுத் துடைப்பதில் எனக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் ஆகியிருந்தது. துணியை வாங்கி வைத்துவிட்டு, கோயிலிலிருந்து அந்த வளைவுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். ஆட்களை ஏற்றிக்கொண்டு வர இருபது, இருபத்தைந்து நிமிஷம் என்றார். சரி, இருபது நிமிஷம் காத்திருப்போம் என்று, ஓடுகிற வேனில் அடிக்கும் காற்றுக்குப் பதிலாகப் பெரிய மின்விசிறியை லோகோவுக்கு நேரே திருப்பிவிட்டேன். இரண்டு பேரும் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். பதினெட்டு வருஷ ஓட்டத்தில் ஒரு நாய்மேல்கூட ஏற்றியதில்லை என்றார் வேலு. வேலை போவது ஒரு பக்கம், இருபது பேரை ஏற்றிக்கொண்டு தூங்கினவன் என்ற பேரோடு அந்தத் தோட்டத்தில் எப்படி நடமாடுவது என்றார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மஞ்சள் விளக்கு அணைந்தது.

எழுந்து ஓடினேன். மெல்லியதாக இருந்த பக்கம் காய்ந்துவிட்டது, கனமான பக்கம் இன்னும் ஈரம். ரேடார் இப்போது தனக்குக் கண் தெரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தது. நேர் எதிரே நின்ற தகட்டை, வலப்பக்கம் மூன்று டிகிரி தள்ளி நிற்பதாகக் காட்டியது. மூன்று டிகிரி என்றால் நாற்பது மீட்டர் தொலைவில் இரண்டு மீட்டர். சாலையின் இடது ஓரத்தில் நிற்கும் இரும்புத் தூண், வேனின் பாதைக்கு நடுவில் வந்துவிடும். துடைத்தேன், பூஜ்யத்துக்குத் திரும்பியது. மறுபடி பூசச் சொன்னேன், மறுபடி காத்திருந்தோம், மறுபடி அதேதான். மூன்று முறை செய்தேன். முழுக் குருடைப் பற்றிப் பயமில்லை, அது தானே சொல்லிவிடும். அரைக் கண்ணோடு எல்லாம் தெரிகிறது என்று நம்பும் கருவிதான் ஆளைக் கவிழ்க்கும். அந்த அரைக் கண் நேரம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் நீடித்தது. அந்த வளைவு சரியாக அந்த நேரத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது. மழை வெள்ளிகளில் சந்தனம் அரைகுறையாகக் காயாமல் கரைந்தே போயிருக்கும்.

எனக்கு ஆட வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் வேலு அழுதுகொண்டிருந்தார்.

“அப்ப அந்தப் புள்ள கைய நாந்தான் ஒடச்சிருக்கேன்,” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டார். “சந்தனம்னு எழுதாதீங்கக்கா. அப்புறம் எந்த டிரைவரும் வண்டிக்குச் சாமி கும்பிடக் கூடாதுன்னு சட்டம் போட்ருவாங்க. நான் தூங்கினதாவே இருந்துட்டுப் போவட்டும்.”

தவுக்கேயின் கவலை வேறு. மேலும் சோதித்ததில் கண்டறிந்தோம் என்று புது அறிக்கை எழுது, கழுவியதைப் பற்றி மூச்சு விடாதே என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டறையின் பெயர் அவருடையது. ஒருவர் சந்தனத்தை மறைக்கச் சொன்னார், மற்றவர் தண்ணீரை மறைக்கச் சொன்னார். இரண்டையும் எடுத்துவிட்டால் அறிக்கையில் என்னதான் மிச்சம் இருக்கும்? வீட்டுக்குப் போய் யோசித்து, மறுநாள் இப்படித் தொடங்கினேன்: ‘என் முதல் அறிக்கை தவறு. விபத்து நேர்ந்தபோது இருந்த வேனை நான் சோதிக்கவில்லை. நான் கழுவிய வேனைச் சோதித்தேன்.’ அதற்குக் கீழே சந்தனத்தையும் எழுதினேன், அளவுகளையும் எழுதினேன். தவுக்கே படித்துவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் முத்திரை குத்திக் கொடுத்தார்.

விசாரணைக்கு நானும் போனேன். நடத்தியவர் தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி, யாழ்ப்பாணத்து வம்சாவளி அம்மையார். தமிழை அச்சடித்த மாதிரி பேசுவார். அறிக்கையை முழுக்கப் படித்தார், சரியான கேள்விகளாகக் கேட்டார். நல்ல மூளை என்று நான் மெச்சிக்கொண்டிருக்கும்போதே கத்தியைத் திருப்பினார்.

“விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஓட்டுநர் தூங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூசியவர் அவர்தானே? சென்சாரை மறைக்கக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது.”

நான் பயந்திருந்தது இதற்குத்தான். வேலு தலையைக் குனிந்துகொண்டார். கையேடு எங்கே என்று கேட்டேன். தேடி எடுத்து வந்தார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் அலுவலக அலமாரியில் இருந்தது. அதுவே போதும் என்று நினைத்தேன், போதவில்லை. லோகோவைச் சுத்தமாக வைத்திருப்பது பொது அறிவு என்றார் அம்மையார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்தில் வாதாடினால் சொதப்பிவிடுவேன், அது எனக்கே தெரியும். அதனால் ஐந்து நிமிஷம் கார் நிறுத்தும் இடத்துக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

அன்றும் வெள்ளிக்கிழமை. நிழலில் வரிசையாகக் கார்கள். நம்மவர்களின் கார்களாகப் பார்த்து நடந்தோம். ஒன்றில் லோகோவின்மேல் குங்குமம், இன்னொன்றில் விபூதிப் பட்டை, ஒரு புதுக் காரில் பொட்டுக்கு மேல் சாமந்திப்பூ. நான் எதையும் சுட்டிக் காட்டவில்லை, சும்மா நடந்தேன். அம்மையார் ஒரு வெள்ளைக் காருக்கு முன்னால் நின்றுவிட்டார். அவருடையதுதான். லோகோவின் நட்ட நடுவில், விரலால் அழுத்தி வைத்த சந்தனம், மேலே குங்குமம். கைப்பையைத் திறந்து காகிதக் கைக்குட்டையை எடுத்தார்.

“தொடைக்காதீங்க,” என்றேன். “மொதல்ல ஒரு படம் எடுத்துக்குங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துப் படம் எடுத்தார். அவர் அதை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை, வேலுவுக்குக் கொடுத்திருந்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சாமி கும்பிடக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. லோகோவை விட்டுவிட்டு நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் பூசிக்கொள்ளலாம் என்று எல்லா ஓட்டுநருக்கும் சொல்லிக் கொடுக்க என்னையே கூப்பிட்டார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் ஜெயித்த கதையாகப் போயிருக்கும். வேலு மறுபடி வந்தார். வேலை நிலைத்துவிட்டது, லெட்சுமி மட்டும் இன்னும் தம்மைத் தூங்கினவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார் என்றார். தாம் போய்ச் சொன்னால் தப்பிக்கச் சொல்கிறேன் என்று படும், நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போனேன். பழைய லயத்து வரிசைவீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய சின்னத் தரைவீடு. வேலு வாசலிலேயே நின்றுகொண்டார். லெட்சுமி மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடார், சந்தனம், மூன்று டிகிரி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். நான் கழுவியதையும், ஒன்றும் படிந்திருக்கவில்லை என்று எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அவரு தூங்கினாரா இல்லயான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்,” என்றார் கடைசியில். “நைட்டு ஓவர்டைம் முடிச்சிட்டு, மூணு மணி நேரந்தான் படுத்தேன். வேன்ல ஏறுனதும் நாந்தான் தூங்கிட்டேன். டிரைவர் தூங்கினாரான்னு ஆபீஸ்ல கேட்டாங்க, இருக்கும்னு எழுதிக் குடுத்தேன். நீ முழிச்சிருந்தியான்னு யாரும் கேக்கல லா.”

ஒரு மனிதனின் சோற்றில் மண் போடப் பார்த்தாயே என்று அவரை நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். மேஜைமேல், ஆபீஸில் அவருக்குக் கொடுத்த நகல்கள், அவருடைய வாக்குமூலமும் என் முதல் அறிக்கையும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கீழே அவர் கையெழுத்து, மேலே என் கையெழுத்து. வாயை மூடிக்கொண்டேன். வாசலுக்குப் போய், உள்ளே வாங்க வேலு, எங்கள் ரெண்டு பேருக்கும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று கூப்பிட்டேன்.